ஸ்பீக்கருக்கு முன்னாடி ரூமை அளந்து பாருங்க

ஸ்பீக்கர் வாங்கறதுக்கு யாராச்சும் ஐடியா கேட்டா நான் திருப்பிக் கேக்கற மொதக் கேள்வி பட்ஜெட் எவ்வளவுன்னு இல்லீங்க. ரூம் எத்தனைக்கு எத்தனை, தரை டைல்ஸா சிமெண்டா, சோபால உக்காந்து கேப்பீங்களா இல்ல கீழ ஜமக்காளம் விரிச்சு உக்காருவீங்களா, பக்கத்து ஊட்டுச் செவுரு உங்க செவுரோட ஒட்டியிருக்குதா, இத்தனையும் கேட்டுட்டுத்தான் காசுப் பேச்சுக்கே வருவேன். நெறையப் பேருக்கு இது ஒரு மாதிரியாத் தெரியுது. ஸ்பீக்கர்னா ஒரு பொட்டி, நல்ல பொட்டியாப் பாத்து வாங்கினா நல்லாப் பாடும், இதுல ரூம் எங்க வந்துச்சுன்னு கேக்கறாங்க. ஆனா சாதாரண ஊட்டுல நாம உக்கார்ற தூரத்துக்கு ஸ்பீக்கர்ல இருந்து நேரா வர்ற சத்தத்தை விட செவுத்துல, தரையில, கூரையில பட்டுத் திரும்பி வர்ற சத்தம்தானுங்க ஜாஸ்தி. அதனால ரூமை விட்டுட்டு ஸ்பீக்கரை மட்டும் தேர்ந்தெடுக்க முடியாது.

என்ற சித்தி பையன் திருப்பூர்ல ஒரு லைன் வீட்டுல இருந்தான். 10க்கு 11 ரூம், கான்கிரீட் கூரை 10 அடி ஒசரம், தரை முழுக்க டைல்ஸு. ரெண்டு வருச தீவாளி போனஸைச் சேத்து வெச்சு ஒரு சோடி டவர் ஸ்பீக்கர் வாங்கிட்டு வந்தான், இடுப்பு ஒசரத்துக்கு மேல இருக்கும், ஒவ்வொண்ணுலயும் ஆறரை இஞ்ச் வூஃபர், அதாவது கீழ் சத்தம் பாடற பெரிய கோன், ரெண்டு. கடையில பெரிய ஹால்ல, கார்ப்பெட் போட்ட தரையில கேட்டப்ப மெய்மறந்து போயிட்டான். ஊட்டுக்குக் கொண்டு வந்து போட்டா எந்தப் பாட்டுக்கும் ஒரே கும்மு கும்முன்னு ஒரு சத்தம், பாடறவங்க குரலு அதுக்குள்ள முங்கிப் போச்சு. அவன் உக்கார்ற சேருல மட்டும் பேஸே, அந்தக் கீழ் சத்தமே, இல்ல, வாசப்படில நின்னா நெஞ்சை அடைக்குது. ஸ்பீக்கருக்குப் பவர் குடுக்கற ஆம்ப் சரியில்லைன்னு யாரோ சொன்னதைக் கேட்டு ஆம்பையும் மாத்திட்டான், ஒண்ணும் மாறல.

ஒரு ஞாயித்துக்கெழம நான் போனேன். போன்ல டோன் ஜெனரேட்டர்னு ஒரு ஆப் இருக்குது, காசு கிடையாது, நமக்கு வேண்டிய ஹெர்ட்ஸ்ல ஒரே சத்தத்தை விடாம ஓட்டும். அதுல 55 வெச்சு ஸ்பீக்கர்ல போட்டுட்டு, "தம்பி, இதை நிறுத்தாத, நீ எந்திரிச்சு ரூமுக்குள்ள மெதுவா நட"ன்னேன். செவுத்தோரம் போனான், சத்தம் வீங்கிக்கிட்டு வந்துச்சு. மூலைக்குப் போனான், அங்க இருந்த பீரோக் கதவு கடகடன்னு ஆடுச்சு. அப்பறம் நடு ரூமுக்கு வந்தான், சுத்தமா அணைஞ்சு போச்சு, யாரோ சுவிட்ச் போட்டு ஆஃப் பண்ண மாதிரி. "ஏனுங்ணா, நின்னு போச்சுங்களா?"ன்னு கேட்டுட்டு ரெண்டு எட்டு பின்னால வெச்சான், மறுபடியும் வந்துச்சு. மூணு தடவை போய்ப் போய் வந்தான். அவன் சேர் போட்டிருந்தது சரியா அந்த நடு எடத்துல.

இது ஏன்னு சொல்றனுங்க. சத்தம் காத்துல ஒரு செகண்டுக்குச் சுமாரா 1130 அடி ஓடுது. 55 ஹெர்ட்ஸ்னா செகண்டுக்கு 55 அலை, அப்ப ஒரு அலையோட நீளம் இருபதரை அடி. அதுல பாதி பத்தேகால் அடி. 10 அடி ரூமுக்குள்ள அந்தப் பாதி அலை அளவெடுத்துத் தெச்ச சட்டை மாதிரி வந்து உக்காந்துக்குது. மாட்டுக்குத் தண்ணி காட்டற தொட்டியில கைய வெச்சு ஒரு பக்கமா அலம்பிப் பாருங்க, ஒரு குறிப்பிட்ட வேகத்துல அலம்பினா மட்டும் தண்ணி ரெண்டு ஓரத்துலயும் ஏறி ஏறி இறங்கும், நடுவுல ஏறவும் ஏறாது இறங்கவும் இறங்காது. அதே கதைதான் ரூமுக்குள்ள காத்துக்கும் நடக்குது. இதுக்கு ரூம் மோடுன்னு பேரு. பேஸ் கிட்டார்ல ஏ கம்பிய சும்மா மீட்டினாலே 55 ஹெர்ட்ஸ், அதனால பேஸ் கிட்டார் வர்ற பாட்டுக்கெல்லாம் அந்த ரூம் தானும் ஒட்டுக்கா சேந்து பாடிருச்சு.

கணக்கு நெம்ப சுலபமுங்க. 565ஐ உங்க ரூம் நீளத்தால, அடிக் கணக்குல வகுங்க. 10 அடின்னா 56, 12 அடின்னா 47, 15 அடின்னா 38 சுமாருக்கு. நீளம், அகலம், ஒசரம் மூணுக்கும் தனித்தனியாப் போட்டுப் பாருங்க. மூணு நம்பரும் தள்ளித் தள்ளி வந்தா பரவால்ல, வீக்கம் அங்கங்க பிரிஞ்சு போயிரும். மூணும் பக்கத்துல பக்கத்துல வந்தா அந்த எடத்துல எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கும். தம்பி ரூம்ல 56, 51, 56. நம்ம ஊருல வாடகைக்குக் கட்டற 10க்கு 10 ரூம்ல ஒசரமும் 10 அடியா வந்துச்சுன்னா அதுதான் ஸ்பீக்கருக்கு இருக்கறதுலயே கஷ்டமான ரூம், சதுரமான டப்பா.

இப்ப டவர் ஏன் அங்க தப்பாப் போச்சுன்னு புரியுமுங்க. அது 40 ஹெர்ட்ஸ் வரைக்கும் நல்ல பலத்தோட எறங்கற ஸ்பீக்கர், ரூமோ 50 ஹெர்ட்ஸ் பக்கத்துல வீங்கறதுக்குக் காத்துக்கிட்டிருக்கு, ரெண்டும் சேந்துருச்சு. அதுக்குப் பதிலா 5 இஞ்ச் வூஃபர் வெச்ச ஒரு சின்ன புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர், ஸ்டாண்டு மேல வெக்கறது, 60 ஹெர்ட்ஸ்லயே சத்தம் மெதுவாக் கொறைய ஆரம்பிக்கறது, அந்த ரூம்ல இருந்தா அது விட்ட எடத்தை ரூம் நிரப்பிக் குடுத்திருக்கும், காசும் பாதிதான் ஆகியிருக்கும். சின்ன ரூமுக்குச் சின்ன ஸ்பீக்கர்னு சொல்றது சிக்கனத்துக்காக இல்லீங்க, சத்தத்துக்காகத்தான் சொல்றேன். பிபிசிக்காரங்க 1970கள்ல எல்எஸ் 3/5ஏ-ன்னு ஒரு குட்டி ஸ்பீக்கரை வடிவமைச்சாங்க, ஊர் ஊராப் போய் ஒலிபரப்பற வேனுக்குள்ள வெச்சுக் கேக்கறதுக்கு. வேனுக்குள்ள எடம் இல்லைங்கறதால அளவு அப்படி. அதுல ஆழமான பேஸே கிடையாது, ஆனா மனுசக் குரலு அவ்வளவு ஒழுங்கா வரும்னு இன்னைக்கு வரைக்கும் அதைத் தேடித் தேடி வாங்கறாங்க. எடத்தைப் பாத்து ஸ்பீக்கர் செஞ்சதுக்கு அதை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல.

என்ற அளவு இப்படீங்க: 120 சதுர அடிக்குள்ளன்னா நாலு இல்ல அஞ்சு இஞ்ச் வூஃபர் போதும். 120ல இருந்து 200 வரைக்கும் ஆறரை இஞ்ச் புக்‌ஷெல்ஃப். அதுக்கு மேல, இல்லாட்டி ஹாலும் டைனிங்கும் ஒண்ணாத் தொறந்து கெடக்கற வீடுன்னா டவரைப் பத்தி யோசிக்கலாம். கோயமுத்தூர்ல இப்பக் கட்டற வீட்டுல எல்லாம் ஹாலு, டைனிங்கு, சமையக்கட்டு மூணுக்கும் நடுவுல செவுரே இல்லாம இருக்குது, அங்க கேக்கற எடம் 150 சதுர அடியா இருந்தாலும் ஸ்பீக்கர் நிரப்ப வேண்டியது மொத்தத்தையும், அதையும் சேத்து அளங்க.

அந்த டவர் என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. கோபிப் பக்கம் எங்க அப்புச்சி ஊடு பழைய தொட்டிக்கட்டு ஊடு, நடுவுல வானம் பாத்த வாசல், சுத்தியும் ஆசாரம்ங்கற தாழ்வாரம், ஓட்டுக்கூரை. ஒரு மாரியம்மன் நோம்பிக்கு ஒறம்பரைக எல்லாம் வந்திருந்தப்ப அந்த டவரைக் கொண்டு போய் ஆசாரத்துல வெச்சோம். அதே ஸ்பீக்கர், அதே ஆம்ப், அதே பாட்டு. கும்மு சத்தத்தையே காணோம். தவில்ல ரெண்டு பக்கத்து அடியும், தொப்பியடியும் வலந்தலையடியும், தனித்தனியா வந்து விழுகுது, ஒவ்வொரு அடியும் அடிச்சு முடிஞ்சதும் நின்னு போகுது. தம்பி கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

காரணம் அந்த வாசல்தானுங்க. அமெரிக்கால ஹார்வர்டு யுனிவர்சிட்டியில 1895ல ஒரு புது லெக்சர் ஹால் கட்டி, பேசறது ஒண்ணுமே புரியலைன்னு ஆகிப் போச்சு, ஒரு வார்த்தை சொன்னா அஞ்சரை செகண்டு வரைக்கும் அது ஹாலுக்குள்ளயே சுத்திக்கிட்டிருந்துச்சாம். வாலஸ் சபைன்னு ஒரு இளம் பிசிக்ஸ் வாத்தியார்கிட்ட அதைச் சரி பண்ணச் சொன்னாங்க. அவரு ராத்திரி ராத்திரி பக்கத்துத் தியேட்டர்ல இருந்து சீட்டு மெத்தைகளைத் தூக்கிட்டு வந்து ஹால்ல அடுக்கி, ஒரு ஆர்கன் குழாயை ஊதி, ஸ்டாப் வாட்ச்ல சத்தம் அடங்கற நேரத்தை அளந்தாரு. அப்பறம் அதுக்கு ஒரு அளவு வேணும்னு அவரு வெச்சது என்ன தெரியுங்களா, தொறந்து வெச்ச ஜன்னல். ஒரு சதுர அடி ஜன்னலைத் தொறந்தா அதுல பட்ட சத்தம் வெளிய போயிரும், திரும்பி வரவே வராது, அதுதான் முழு உறிஞ்சல். அப்புச்சி ஊட்டு வாசல் எத்தனை சதுர அடியோ அத்தனை சதுர அடிக்குக் கூரையில தொறந்த ஜன்னல். காசு குடுத்து அப்படி ஒரு ட்ரீட்மெண்ட் யாராலயும் பண்ண முடியாது. பழைய தொட்டிக்கட்டு ஊடு இன்னும் இடிக்காம வெச்சிருக்கறவங்க தயவு செஞ்சு ஒரு தடவை ஆசாரத்துல ஸ்பீக்கரை வெச்சுக் கேட்டுப் பாருங்க.

வாசல் இல்லாதவங்க என்ன பண்றதுங்கறதுக்கு வரேன். மொதல்ல நடு ரூம்ல நின்னு கைய ஒரு தடவை பலமாத் தட்டுங்க. தட்டினதுக்கப்பறம் விர்ர்ன்னு கம்பி இழுத்த மாதிரி ஒரு வாலு கேட்டா, எதிரெதிர் வெறும் செவுத்துக்கு நடுவுல சத்தம் பந்து மாதிரி போய்ட்டுப் போய்ட்டு வருதுன்னு அர்த்தம். டைல்ஸு தரை, சிமெண்டு செவுரு, கான்கிரீட் கூரை, கண்ணாடி ஜன்னல்னு நம்ம ரூம்ல எல்லாமே கெட்டிப் பொருள்தான், வெயிலுக்கு நல்லது, பாட்டுக்கு நல்லதில்ல. ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவுல தரையில ஒரு பவானி ஜமக்காளத்தை ரெண்டா மடிச்சுப் போடுங்க, கீழ ஒரு மொத்தமான போர்வையும் இருந்தா இன்னும் நல்லது. பின்னால ஒரு துணி சோபா இல்ல கட்டில் மெத்தை. ஜன்னலுக்கு மடிப்பு மடிப்பாத் தொங்கற கனமான திரை. இதுலயே பாதி எரைச்சல் அடங்கிரும். ஆனா ஒண்ணு, இதெல்லாம் கீச்சுன்னு வர்ற மேல் சத்தத்தை மட்டுந்தான் உறிஞ்சும், பேஸை ஒண்ணும் பண்ணாது. 20 அடி நீளத்து அலை கால் இஞ்ச் ஜமக்காளத்துக்கு மசியுமுங்களா. பேஸுக்குத் தடிமன் வேணும், சும்மா நாலு இஞ்ச் ஆறு இஞ்சுன்னு மூலையில நிக்கற பொருள் வேணும்.

அதுக்கு நம்ம பக்கத்துல ஒரு வசதி இருக்குதுங்க. திருப்பூர்ல பனியன் கட்டிங் வேஸ்ட் மூட்டை மூட்டையாக் கெடைக்கும். ஆசாரிகிட்ட 4 அடிக்கு 2 அடி மரச்சட்டம் ஆறு இஞ்ச் ஆழத்துக்கு அடிச்சு வாங்கி, அந்தக் காட்டன் வேஸ்ட்டை அமுத்தாம லூசா நிரப்பி, முன்னால பின்னால காத்துப் போற துணியாப் பாத்து இழுத்து ஆணியடிச்சு மூலைக்கு ஒண்ணா நிறுத்தினா நல்லா வேலை செய்யும், நான் நாலு செஞ்சு வெச்சிருக்கேன். பஞ்சு தீப்பிடிக்கும்ங்கறதை மறந்துராதீங்க, பிளக் பாயிண்ட்டு, சாமி வெளக்கு பக்கத்துல வெக்கவே கூடாது. இன்னொண்ணு, முட்டை அட்டையைச் செவுத்துல ஒட்டினா ஸ்டூடியோ மாதிரி ஆகிரும்னு ரொம்ப நாளா ஒரு பேச்சு. நாமக்கல்லு பக்கத்துலயே இருக்கறதால நமக்கு அட்டைக்குப் பஞ்சமில்ல, நானும் அதைப் பண்ணிப் பாத்தவங்க ஊட்டுக்குப் போயிருக்கேன். அது மேல் சத்தத்தைக் கொஞ்சம் சிதற வெக்கும், அவ்வளவுதான். மெல்லிசுக் காயிதம் எப்படிங்க பேஸை நிறுத்தும்? தூசியும் கரப்பானும் தங்கும், தீக்கும் பயம். வேண்டாமுங்க.

பக்கவாட்டுச் செவுத்துல எந்த எடத்துல தடுப்பு வெக்கறதுன்னா, நீங்க உக்காந்துக்குங்க, ஊட்டுல ஒருத்தர் மொகம் பாக்கற கண்ணாடியைச் செவுத்தோடயே நகத்திக்கிட்டு வரட்டும். எந்த எடத்துல கண்ணாடிக்குள்ள ஸ்பீக்கர் தெரியுதோ அங்கதான் மொத எதிரொலி கெளம்புது. அங்க ஒரு புஸ்தக அலமாரி, ஒரு திரை, ஒரு பஞ்சுச் சட்டம், எது முடியுதோ அது.

இனி ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுக்கறது. கனடா நாட்டு நேஷனல் ரிசர்ச் கவுன்சில்ல ஃப்ளாயிட் டூல்னு ஒரு விஞ்ஞானி வருசக் கணக்கா ஒரு பரிசோதனை பண்ணாரு. திரைக்குப் பின்னால ஸ்பீக்கர்களை வெச்சு, எது என்ன கம்பெனி என்ன வெலைன்னு தெரியாம ஆளுகளைக் கேக்க வெச்சு மார்க் போடச் சொன்னாரு. பொட்டியும் பேரும் தெரியாதப்ப பெரும்பாலும் எல்லாருக்கும் ஒரே மாதிரி ஸ்பீக்கர்தான் புடிச்சிருக்குது: எந்த சுரத்தையும் தூக்காம அமுத்தாம நேரா சமமாப் பாடறது, அதோட முக்கியமா, பக்கவாட்டுக்குப் போற சத்தமும் அதே குணத்தோட இருக்கறது. இந்த ரெண்டாவது விசயம் நம்ம ஊருக்கு டபுளா முக்கியமுங்க. ஏன்னா டைல்ஸும் சிமெண்டுமா இருக்கற ரூம்ல பக்கவாட்டுக்குப் போற சத்தம்தான் திரும்பத் திரும்ப பட்டு நம்ம காதுக்கு வருது. முன்னால உக்காந்தா நல்லாப் பாடி, ஓரமா நின்னா குரல் மாறிப் போற ஸ்பீக்கரை கார்ப்பெட் போட்ட ரூம் மன்னிச்சுரும், நம்ம ரூம் மன்னிக்காது. கடையில கேக்கறப்ப எந்திரிச்சு ரெண்டு பக்கமும் நடந்து போய்க் கேளுங்க. குரலு மந்தமாகாம, மூக்கால பாடற மாதிரி மாறாம, சத்தம் மட்டும் கொஞ்சம் கொறைஞ்சா அது நல்ல ஸ்பீக்கர்.

வாட்ஸைப் பத்தி நெம்ப நேரம் வேண்டாம். பிஎம்பிஓன்னு, ஒரு கணத்துக்கு மட்டும் வர்ற உச்ச பவர்னு, ஆயிரக்கணக்குல போட்டிருந்தா அதைப் படிக்கவே படிக்காதீங்க, விடாம குடுக்கற பவரான ஆர்எம்எஸ் மட்டும் பாருங்க. அதை விட முக்கியம் சென்சிட்டிவிட்டி, ஒரு வாட் குடுத்தா ஒரு மீட்டர் தள்ளி எத்தனை டெசிபல் சத்தம் வருதுங்கறது. 3 டெசிபல் கூடினா பாதி பவர் போதும். 86 டெசிபல் ஸ்பீக்கர் ஒரு சோடி, 8 அடி தள்ளி உக்காந்து நல்லாக் கேக்கற அளவுல வெச்சாலும் சராசரியா ஆம்ப் குடுக்கறது கால் வாட்டுக்குள்ளதான். தவில் ஒரு தட்டுத் தட்டறப்ப திடீர்னு நூறு மடங்கு கேக்கும், அதுக்கு 25 வாட். அப்ப ஒழுங்கான 50 வாட் ஆம்ப் ஒரு சாதாரண ரூமுக்குத் தாராளம். ஸ்பீக்கரோட மின்தடை 4 ஓம்ஸா இருந்தா மட்டும் ஆம்ப் 4 ஓம்ஸ் தாங்கும்னு பின்னால எழுதியிருக்குதான்னு பாத்துக்குங்க.

ஒரு இயற்கை விதி இருக்குதுங்க, அதைத் தெரிஞ்சுக்கிட்டா விளம்பரத்துக்கு ஏமாற மாட்டீங்க. கேஎல்ஹெச்ங்கற அமெரிக்க ஸ்பீக்கர் கம்பெனியை ஆரம்பிச்ச மூணு பேருல ஒருத்தரு ஆன்டன் ஹாஃப்மன், அவரு பேருல சொல்றது. சின்னப் பொட்டி, ஆழமான பேஸ், கொஞ்ச பவருக்கே பெரிய சத்தம், இந்த மூணுல ரெண்டுதான் கெடைக்கும், மூணாவதை விட்டுக் குடுத்தே ஆகணும். உள்ளங்கையளவு பொட்டியில இடி மாதிரி பேஸுன்னு யாராச்சும் சொன்னா, நடுவுல ஒரு 80, 100 ஹெர்ட்ஸைத் தூக்கி விட்டு பேஸ் மாதிரிக் காட்டியிருப்பாங்க. அது அஞ்சு நிமிசத்துக்கு நல்லாருக்கும், ஒரு வாரத்துல சலிச்சுப் போகும்.

நம்ம பக்கம் பிரைவேட் பஸ்ஸுல பாட்டுக் கேட்டு வளந்தவங்களுக்கு, நானும் அப்படித்தான், சீட்டுக்கடியில அதிர்ற அந்த பேஸ்தான் நல்ல சவுண்டுன்னு மனசுல பதிஞ்சிருக்கும். பொள்ளாச்சி ரோட்டுல, கோபி ரோட்டுல அந்தச் சத்தத்தோட ஜன்னல் சீட்டுல போறதுக்கு ஈடே கிடையாது. ஆனா அங்க டீசல் இஞ்சின் ஓயாம கீழ் சத்தத்துல உறுமிக்கிட்டே இருக்குது, அது பாட்டோட பேஸை முழுங்கிரும், அதைத் தாண்டி வரணும்னு தூக்கி வெக்கறாங்க. அமைதியான ரூமுல அதே அளவைத் தேடினீங்கன்னா பாட்டுல மத்த எதுவுமே கேக்காது. ஸ்பீக்கர் தேடப் போறப்ப பஸ்ஸைக் கொஞ்சம் மறந்துட்டுப் போங்க.

காசு. ஒரு 25, 30 ஆயிரத்துக்குள்ளன்னா ஆம்ப் உள்ளயே வெச்ச ஆக்டிவ் ஸ்பீக்கர் வாங்குங்கன்னுதான் சொல்வேன், தனி ஆம்ப், தனி ஸ்பீக்கர்னு அந்தக் காசைப் பிரிச்சா ரெண்டுமே அரைகொறையாப் போயிரும். அதுக்கு மேல போனா மொத்தக் காசுல பாதிக்குக் கொஞ்சம் மேல ஸ்பீக்கருக்கு, முப்பது சதவீதம் ஆம்புக்கு, மிச்சத்தை ஸ்டாண்டுக்கும் ரூமுக்கும் ஒதுக்குங்க. ரூமுக்குன்னு ஒதுக்கறதை மட்டும் கடைசியில பாத்துக்கலாம்னு விட்டுராதீங்க, மொதல்லயே எடுத்து வெச்சிருங்க. ஒயருக்குத் தண்டமா செலவு பண்ண வேண்டியதில்ல, எலக்ட்ரிக்கல் கடையில கெடைக்கற 1.5 இல்ல 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயரு 15 அடி தூரத்துக்கு நல்லாப் போதும். புக்‌ஷெல்ஃப்ல வார்ஃபிடேல் டயமண்ட், எலாக் டெப்யூ மாதிரி ஆரம்ப வரிசைகளை மொதல்ல கேட்டுப் பாருங்க, அதுக்கப்பறம் அதை விட அதிக வெலையில இருக்கறது உங்க காதுக்கு எவ்வளவு கூடுதலாக் குடுக்குதுன்னு நீங்களே முடிவு பண்ணலாம். கடையில ரெண்டு ஸ்பீக்கரை ஒப்பிடறப்ப சத்த அளவு ரெண்டுக்கும் ஒண்ணா இருக்கணும், போன்ல டெசிபல் ஆப் வெச்சு சரி பண்ணச் சொல்லுங்க. ஒரு டெசிபல் ரெண்டு டெசிபல் கூட இருக்கறது எப்பவுமே நல்ல ஸ்பீக்கர் மாதிரித் தோணும், காதோட சுபாவம் அது. பாட்டு உங்க ஊட்டுல தெனமும் கேக்கற பாட்டாவே கொண்டு போங்க. முடிஞ்சா ஊட்டுக்குக் கொண்டாந்து ரெண்டு நாள் வெச்சுக் கேக்க விடறாங்களான்னு கேளுங்க, கூச்சப்படாதீங்க.

லைன் வீட்டுல இருக்கறவங்க சத்தத்தைக் கூட்டியே கேக்க முடியாது. பக்கத்து ஊட்டுல நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு வந்து காத்தால தூங்கறவங்க இருப்பாங்க, அவங்க தூக்கத்துக்கு மேல நம்ம பாட்டு இல்லீங்க. மேல் சத்தத்தைச் செவுரு தடுத்துரும், பேஸைத் தடுக்காது, அதனால ஒட்டுச் செவுரு இருக்கற எடத்துல, பேஸுக்குன்னே தனியா வெக்கற பொட்டியான சப் வூஃபரே வேண்டாம். கொறைஞ்ச சத்தத்துல நம்ம காதுக்கு பேஸ் கொஞ்சமாத்தான் கேக்கும், 1933லயே ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு பேரு அளந்து சொன்னது. அந்தக் கொறையை நிரப்பறதுக்குத்தான் பழைய ஆம்புல எல்லாம் லௌட்னஸ்னு ஒரு பட்டன். ராத்திரில மெதுவாக் கேக்கறவங்க அந்தப் பட்டன் இருக்கற ஆம்பாப் பாத்து வாங்குங்க, தெனமும் பயன்படும். தனி வீடு, தோட்டத்து ஊடுன்னா சப் வூஃபர் வெக்கலாம், அதை நீங்க உக்கார்ற எடத்துல தூக்கி வெச்சுப் பாட்டைப் போட்டுட்டு, செவுத்தோரமா மண்டி போட்டு நகந்துகிட்டே கேளுங்க, எங்க பேஸ் சமமா இருக்குதோ அங்க சப்பை மாத்தி வெச்சிருங்க.

பழைய ஸ்பீக்கர் வாங்கறதுல தப்பே இல்ல. வூஃபரைச் சுத்தியிருக்கற வளையம் ஃபோமா ரப்பரான்னு மட்டும் பாருங்க. ஃபோம்னா வருசம் ஆக ஆகப் பொடிஞ்சு போகும், வெரலால தொட்டா உதிரும். ரப்பர்னா நெம்ப காலம் தாங்கும்.

கடைசியா வெக்கற எடம். ரெண்டு ஸ்பீக்கரும் நீங்களும் சம முக்கோணமா இருக்கணும், மேல் சத்தம் பாடற சின்ன ட்வீட்டர் காது ஒசரத்துல. சோபான்னா காது சுமாரா 36ல இருந்து 40 இஞ்ச், அதுக்கு 24 இஞ்ச் ஸ்டாண்டு சரியா இருக்கும். கீழ சம்மணம் போட்டு உக்கார்றவங்களுக்குக் காது 30 இஞ்சுக்குக் கிட்டத்துலதான் வரும், கடையில விக்கற ஸ்டாண்டு எல்லாமே அவங்களுக்கு ஒசரம். வெல்டிங் பட்டறையில 14 இஞ்சுக்குச் சொல்லி அடிச்சு வாங்குங்க, குழாய்க்குள்ள காஞ்ச மணலைக் கொட்டி மூடினா அதிராது. பின்னால காத்துப் போற போர்ட் ஓட்டை இருக்கற ஸ்பீக்கரைச் செவுத்தோட ஒட்டி வெக்காதீங்க, வேற வழியே இல்லைன்னா ஓட்டையில ஒரு சாக்ஸைச் சுருட்டி வெச்சுக் கேட்டுப் பாருங்க. நீங்க உக்கார்றது நடு ரூம்லயும் வேண்டாம், பின் செவுத்துலயும் சாய வேண்டாம், பின்னால மூணுல ஒரு பங்கு விட்டு உக்காருங்க. தம்பிக்கு இப்ப 5 இஞ்ச் புக்‌ஷெல்ஃப், முன் செவுத்துல இருந்து ஒரு அடி, ரெண்டுக்கும் நடுவுல ஆறடி, சேருக்குப் பின்னால நாலடி.

ஒரு வாரம் தெனமும் பொழுதோட ஒரே பாட்டைப் போட்டு, ரெண்டு இஞ்ச் முன்ன, ரெண்டு இஞ்ச் பின்ன நகத்திப் பாருங்க, குரலு ரெண்டு ஸ்பீக்கருக்கும் நட்ட நடுவுல ஆளு நின்னு பாடற மாதிரி வந்ததும் நிறுத்திருங்க. ஸ்டாண்டோட நாலு காலுக்கும் தரையில இன்சுலேஷன் டேப் ஒட்டிக் குறி வெச்சிருங்க. பொங்கலுக்கு வெள்ளையடிக்கறப்ப ஊட்டுல எல்லாத்தையும் இழுத்து நடுவுல போட்டுருவாங்க, திருப்பி வெக்கறப்ப அந்த டேப்புதான் எடத்தைக் காட்டும்.